மோட்டார் உறுமுகிறான்

செப்டம்பர் 17, புதன்

தினமும் எழுத வேண்டும் என்று ஜெனிட்டா சொல்லிவிட்டாள்.

"என்ன பயிற்சி, எத்தன தடவ, என்ன குடுத்தீங்க, அவன் என்ன பண்ணுனான். அவ்ளோதாங்க்கா. மனசுல தோணறதெல்லாம் வேண்டாம். கண்ணுல பாத்தத மட்டும் எழுதுங்க."

அவளை நேரில் பார்த்ததில்லை. மோட்டாருக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் எண் இருந்தது. அடிக்காமல், தின்பண்டம் கொடுத்தே நாய் பழக்கித் தரப்படும் என்று போட்டிருந்தது. போத்தனூரில் இருக்கிறாள். குரலைக் கேட்டால் என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

சரி, கண்ணில் பார்த்தது. மோட்டார், நாட்டு நாய், செவலை நிறம், ஆறு வயது. என் கணவர் மௌலி வேலை செய்யும் பம்ப்செட் கம்பெனியில், சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சூட்டுக்கு ஒட்டிப் படுத்திருந்த குட்டி. அதனால் அந்தப் பெயர். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு முன்பே இந்த வாசலில் நின்றிருந்தவன்.

பாப்பாவுக்கு எட்டு மாதம். போன ஞாயிற்றுக்கிழமைதான் தவழ ஆரம்பித்தாள். தவழ்ந்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் மோட்டாரின் காது. பிடித்து இழுத்தாள். அவன் உறுமினான். அன்னூரிலிருந்து அத்தை, மௌலியின் அம்மா, வந்திருந்தார். மௌலி நாசிக்கிலிருந்து வீடியோ காலில் இருந்தார். இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது.

"பச்சக் கொழந்த இருக்கற ஊட்டுல இது ஆகாது கண்ணு," என்றார் அத்தை. "என்ற தம்பி செல்வராசு தோப்புக்கு ஒரு நாய் வேணும்னு சொல்லீட்டே இருக்கறான். தாட்டி உட்டரலாம். சங்கிலில கட்டிப் போட்டா அதும்பாட்டுக்குக் கெடக்கும்."

மௌலி, மோட்டாரைக் காட்டு என்றார். அவருடைய நாய். கடைசியில், "தீபாவளிக்கு வர்றேன் தாரணி. அதுவரைக்கும் பழக்கிப் பாரு. நான் வந்ததுக்கப்புறம் ஒரு தடவ உறுமுனாலும் தோப்புதான்," என்றார்.

இன்றிலிருந்து முப்பத்து மூன்று நாள்.

அம்மா மெல்போர்னில் இருக்கிறாள், அண்ணிக்குப் பிரசவம் பார்க்கப் போய். மௌலி புது ஆலையில் பம்ப் நிறுவப் போயிருக்கிறார். பகலில் நான் பேசினால் திரும்பிப் பார்க்கிற முகங்கள் இந்த வீட்டில் இரண்டு. அதில் ஒன்றைத் தோப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இதுவும் கண்ணில் பார்த்ததுதான்.

உறுமியதை ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை. "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று மட்டும் சொன்னேன். சொன்னால், கொழந்த இருக்கற வீட்டுல வேண்டாம்க்கா என்று அவளும் சொல்லிவிடுவாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பயிற்சி ஒன்று: பெயர். "மோட்டார்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்த்த அந்த நொடியில் ஒரு சத்தம், பிறகு தின்பண்டம். சத்தம் வீட்டில் வேறு எதற்கும் கேட்காத சத்தமாக இருக்க வேண்டுமாம். நான் அமுக்குகிற பேனாவை எடுத்துக்கொண்டேன். டிக்.

"டிக் கேட்டா கண்டிப்பா குடுத்தே ஆகணும்க்கா. தெரியாம அமுக்கியிருந்தாலும் குடுத்துருங்க. அவன்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

பதினைந்து தடவைக்குப் பதின்மூன்று. நல்ல மாணவன். ஒரே சிக்கல், எழுத உட்கார்ந்து பேனாவை அமுக்கினால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எதிரில் உட்காருகிறான். நேற்று இரண்டு முறை கொடுத்தேன். இன்று பென்சிலில் எழுதுகிறேன்.

கொடுத்தது: வெள்ளரிக்காய், கேரட். புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு மாதம் முட்டைகூட நுழையாது. முதல் துண்டை மரியாதைக்குத் தின்றான். நாலாவது துண்டை என் கால்மேல் வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 20, சனி

முதல் புரட்டாசி சனி. அத்தை காலை பஸ்ஸில் வந்து, பாப்பாவுக்கு நாமம் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்.

மோட்டார் கோரைப்பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்ததைக் காட்டினேன். பயிற்சி இரண்டு: "பாய்" என்றால் பாயில் போய் உட்கார வேண்டும்.

"வெள்ளரிக்காய்க்கு உக்கார்ற நாய இப்பத்தான் பாக்கறேன்," என்றார்.

"மூணு நாளா உறுமவே இல்லீங்கத்தே."

"மூணு நாளா உறுமாத நாயி நாலா நாளும் உறுமாதுன்னு எழுதிக் குடுத்திருக்குதா?"

பாப்பாவைக் கொஞ்சும்போது அத்தையின் குரல் வேறாகிவிடுகிறது. அந்தக் குரலில் யாராவது என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். இது மனதில் தோன்றியது. அடித்துவிடலாம். இருக்கட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று உறுமினான். பாப்பா அவன் வாலை நோக்கிப் போனபோது. செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்து "ஏய்!" என்றேன். அடங்கிவிட்டான். சாயங்காலம் மறுபடி. மறுபடி செய்தித்தாள்.

ஜெனிட்டாவின் முறையில் இது கிடையாது. ஆனால் ஜெனிட்டாவுக்குத் தீபாவளி வரை கெடு இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பெயர்: 15/15. பாய்: 12/15.

மௌலி பேசினார். சாப்ட்டயா, பாப்பா சாப்ட்டுச்சா, மோட்டாரு என்ன பண்றான். இந்த வரிசைதான் எப்போதும். நான், "எனக்கு என்னமோ முடியலீங்க. காலைல எந்திரிக்கறதுக்கே பயமா இருக்குது," என்றேன்.

"எல்லா அம்மாவும் அப்படித்தான் இருப்பாங்க தாரணி. எங்கம்மா மூணு பேர வளத்துனாங்க, மாட்டையும் பாத்துட்டு. நீ படிச்சவ. நீயே இப்படிப் பேசுனா எப்படி?"

சரிதான். நான் இயற்பியல் படித்தவள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை மேய்த்தவள்.

போனை வைத்தபின் குளித்தேன். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே எதுவும் கேட்காது. பத்து நிமிடம். பாப்பா தொட்டிலில்தான் இருந்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெற்றி. மூன்று நாளாக உறுமல் இல்லை. பாப்பா நேற்று அவன் முதுகில் கை வைத்தே எழுந்து நின்றாள். சத்தமே இல்லை. மௌலிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்டா தங்கம்" என்று பதில் போட்டிருந்தார். நாய்க்கா எனக்கா தெரியவில்லை. எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா கேட்டாள், நல்லா இருக்கியா என்று. நல்லா இருக்கேன்மா என்றேன். இப்போதெல்லாம் இது தடங்கலில்லாமல் வருகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மௌலியின் ஸ்பேனர்களைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். பொரிக்கு மோட்டார் வெள்ளரிக்காயைவிட நன்றாக வேலை செய்கிறான்.

ஒன்று மட்டும் புதிது. பாப்பா பக்கத்தில் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். உதட்டை நக்குகிறான். கொட்டாவி விடுகிறான். அசையாமல் அப்படியே இருக்கிறான், சாமி ஊர்வலத்தில் கட்டி வைத்த கன்றுக்குட்டி மாதிரி. சலிப்பாக இருக்கும் போல.

அக்டோபர் 3, வெள்ளி

பாய்: 15/15. குளியலறை: இருபது நிமிடம்.

இரண்டாவதை ஏன் எழுதினேன் தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மழை. பயிற்சி இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பாப்பாவின் மஞ்சள் கவுனைத் துவைத்துத் தைத்து பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். தோள்பக்கம் தையல் விட்டிருந்தது. கடையில் வாங்கும் துணி அப்படித்தான்.

இன்றும் பயிற்சி இல்லை. மோட்டார் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான். கூப்பிட்டால் வருகிறான். வந்ததும் என் கையைத்தான் முதலில் பார்க்கிறான், அதில் செய்தித்தாள் இருக்கிறதா என்று.

அக்டோபர் 8, புதன்

ஜெனிட்டாவே கூப்பிட்டாள். தினமும் நான் அனுப்பும் பயிற்சிக் கணக்கு இரண்டு நாளாக வரவில்லையே என்று.

சொன்னேன். உறுமியது, தோப்பு, தீபாவளிக் கெடு, செய்தித்தாள். திங்கள்கிழமை நடந்ததையும் சொன்னேன். பாப்பா அவன் காதைப் பிடித்திருக்கிறாள். அவன் சத்தமே போடாமல் திரும்பிக் கவ்வியிருக்கிறான். வாயில் அகப்பட்டது கவுனின் தோள்பட்டை மட்டும். பல் எங்கும் படவில்லை. உடம்பு முழுக்க மூன்று முறை பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து.

"எச்சரிக்கையே பண்ணலயாக்கா? உறுமலயா?"

"இல்ல. அவன் உறுமறத நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு. நான்தான் நிறுத்துனேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "உறுமறது கெட்ட புத்தி இல்லக்கா. எனக்குப் பிடிக்கல, கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு அவன் மரியாதையாச் சொல்றது. மொதல்ல மூஞ்சியத் திருப்பிப் பாப்பான். உதட்ட நக்குவான். கொட்டாவி உடுவான். யாரும் கண்டுக்கலன்னா உறுமுவான். அதுக்கு அடி உழுந்தா, அடுத்த தடவ சொல்ல மாட்டான். பிடிக்காதது பிடிக்காததாவேதான் இருக்கும். சொல்றது மட்டும் நின்னு போகும். அப்பறம் அவனுக்கு பாக்கி இருக்கறது பல்லு மட்டுந்தான்."

ஒன்றாம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பினான், உதட்டை நக்கினான், கொட்டாவி விட்டான். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

"சம்பவம் நடக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்கக்கா?"

"சமையல்ல," என்றேன்.

அவள் சொன்னவை: மூன்று நாள் பயிற்சி வேண்டாம். காதை டாக்டரிடம் காட்ட வேண்டும், வலி இருந்தால் எந்தப் பாடமும் ஏறாது. இரண்டு பேரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவே கூடாது, நடுவில் தடுப்பு வேண்டும். கடைசியாக, "பாப்பா பக்கத்துல வர்றதுதான் அவனுக்கு இருக்கறதுலயே கஷ்டமான பாடம். அதுக்கு என்ன குடுக்கறீங்க?" என்றாள்.

"பொரி. கேரட்."

"சிக்கன்?"

"புரட்டாசி."

"நாய்க்குமாக்கா புரட்டாசி!" சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வாய்விட்டு. என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மோட்டார் கட்டிலடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

பாப்பாவை மார்பில் கட்டிக்கொண்டு, மோட்டாரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன். மூன்று ஆட்டோ நாயைப் பார்த்து நிற்காமல் போயின. நாலாவது ஓட்டுநர், "அது உக்காந்துக்கும்ங்க, நீங்க பதனமா ஏறுங்க" என்றார்.

இடது காதுக்குள் புண். பத்து நாளைக்குச் சொட்டு மருந்து. பாப்பா இழுத்ததும் அதே காதுதான்.

டாக்டர் கேட்டார்: "சாப்பாடு சரியா எடுக்கறானா? தூங்கறானா? முன்ன மாதிரி விளையாட வர்றானா, ஒதுங்கியே இருக்கறானா? எத்தன நாளா இப்படி?"

நாய்க்காக ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு, "பாப்பா பொறந்ததுலேருந்து" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல சார், ஒரு மாசமா," என்று திருத்தினேன்.

அக்டோபர் 11, சனி

பின்பக்க பால்கனியில், வெந்நீர்க் கெட்டிலில் இரண்டு முட்டை வேக வைத்தேன். முட்டை ஓடுகளைப் பொட்டலம் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன், திருட்டுப் பொருள் மாதிரி. அத்தை பத்தரைக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசம் இது?"

"மோட்டாருக்குக் காது மருந்துங்கத்தே."

"காதுலயா முட்ட ஊத்துனாங்க?" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. மத்தியானம் படையல் முடிந்ததும், அந்தக் கெட்டிலைத் தனியாக எடுத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்.

மொட்டை மாடியில் கிடந்த கம்பித் தட்டியைக் கொண்டுவந்து, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கயிற்றால் கட்டியிருக்கிறேன். "எதுக்கு?" என்றார். பாப்பா கட்டில் முனையில் இடித்துக்கொள்கிறாள் என்றேன். வர வர என் பொய்கள் எல்லாம் உருப்படியாக இருக்கின்றன.

அக்டோபர் 13, திங்கள்

புதுப் பயிற்சி. தட்டிக்கு இந்தப் பக்கம் பாப்பா, அந்தப் பக்கம் மோட்டார். பத்தடி தூரம். பாப்பா அவன் கண்ணில் பட்டால் டிக், முட்டைத் துண்டு. பாப்பா மறைந்தால் எதுவும் இல்லை. பாப்பா வருவது என்றால் நல்லது வருவது என்று அவன் கணக்குப் போட வேண்டும். அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்குமேல் கிடையாது.

அவன் உறுமினால்? "சந்தோசப்படுங்க," என்றாள் ஜெனிட்டா. "சரின்னு சொல்லீட்டு பாப்பாவத் தூக்கிருங்க. அவன் சொன்னது கேட்டுச்சுன்னு அவனுக்குத் தெரியணும்."

அப்படியானால் ஒரு வாரத்தில் மௌலி வரும்போது உறுமுவானே என்றேன். "அத நீங்கதாங்க்கா அவங்களுக்குச் சொல்லணும். அதுக்கு எங்கிட்ட பயிற்சி இல்ல."

அக்டோபர் 15, புதன்

உறுமினான்!

எட்டடிக்கு வந்தபோது. தொண்டைக்குள், பழைய மாதிரி. சரிடா என்று சொல்லிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு உடம்பை ஒரு முறை உதறிவிட்டுப் படுத்தான்.

தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பாப்பா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி. கோழி வாங்கி வந்து உப்பில்லாமல் வேக வைத்தேன். ஆறடி. உறுமல் இல்லை, வால் கீழே தளர்ந்து ஆடியது. நாளை மௌலி வருகிறார்.

சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மூன்றாவது வரிக்கு மேல் போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிகாலை எண்ணெய்க் குளியல். மௌலி வாங்கி வந்த பட்டுப் பாவாடையில் பாப்பா. வெளியே வெடிச் சத்தம், மோட்டார் படுக்கையறையில் பாயில் சுருண்டு கிடந்தான். ஒன்பது மணிக்கு அத்தை கறிக் குழம்பை இறக்கினார். மௌலி தட்டியின் கயிற்றில் கை வைத்தார்.

"வேண்டாங்க," என்றேன்.

"நான் இருக்கறேன்ல? ஆறு வருசம் வளத்தவன். செல்வராசு மாமா நாளன்னிக்கு வண்டியோட வர்றேன்னுருக்காரு. என்ன ஏதுன்னு இன்னிக்கே பாத்துரலாம்."

வேகமாக அவிழ்த்துவிட்டார். பாப்பாவுக்குப் பாவாடை சரசரக்க அந்தப் பக்கம் போவதற்கு அரை நிமிடம்தான் ஆனது. மோட்டார் முகத்தைத் திருப்பினான். உதட்டை நக்கினான். யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் எழுவதற்குள் உறுமினான். ஹால் முழுக்கக் கேட்டது.

"பாத்தியா, பாத்தியா!" என்று அத்தை கத்தினார். மௌலி, "ஏய்!" என்று கையை ஓங்கிக்கொண்டு போனார். நான் நடுவில் புகுந்தேன். பாப்பாவை ஒரு கையில் தூக்கினேன். சட்டியிலிருந்து எலும்பில்லாத துண்டு ஒன்றை எடுத்து, ஊதி, வாயில் வைத்து மசாலாவை உறிஞ்சிவிட்டு, மோட்டாரிடம் போட்டேன். "நல்ல பையன்," என்றேன்.

வெளியே ஒரு சரவெடி முழுதாக வெடித்து முடிந்தது.

"என்ன பண்றே நீ?" என்றார் மௌலி. "கொழந்தயப் பாத்து உறுமுது, கறி எடுத்துப் போடறே?"

"உறுமட்டும். உறுமாம இருந்தப்பதான் கடிச்சான்."

"கடிச்சானா?"

"ஆறாந்தேதி. கவுன் மட்டும்தான் கிழிஞ்சுது. பல்லு படல. நான் அவன உறுமக் கூடாதுன்னு மெரட்டி மெரட்டி வெச்சிருந்தேன். நீங்க உறுமுனா தோப்புன்னீங்க. அதனால."

"கொழந்தயக் கடிக்கற வரைக்கும் நீ எங்க இருந்தே?"

ஜெனிட்டாவிடம் சமையலில் என்று சொன்னேன். அதையே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"பாத்ரூம்ல," என்றேன். "கொழாயத் தொறந்து உட்டுட்டு உக்காந்திருந்தேன். பாப்பா அழுகற சத்தம் கேக்கக் கூடாதுன்னு. நாப்பது நிமிசம். தெனமும் போவேன். மொதல்ல தொட்டில்ல போட்டுட்டுப் போவேன். அன்னிக்குத் தரைலயே உட்டுட்டுப் போயிட்டேன். தெரிஞ்சேதான் போனேன். நாய் மேல தப்பில்லீங்க. நான் அங்க இல்ல."

மௌலியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருடைய புதுச் சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். செப்டம்பர்ல. எல்லா அம்மாவும் அப்படித்தான்னீங்க."

அத்தை வந்து என் இடுப்பிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மௌலி மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

என் இடுப்பில் பாப்பா இருந்த இடம் சூடாக இருந்தது, பிறகு ஆறிவிட்டது. குழந்தையை என்னிடம் விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. சரியான முடிவுதான். நாயோடு சேர்த்து என்னையும் வண்டியில் ஏற்றிவிடலாம். மோட்டார் வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

மௌலி காலையிலிருந்து சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றால் கட்டியிருந்த தட்டிக்குக் கீல் வைத்து, தாழ்ப்பாள் வைத்து, உண்மையான கதவாக்கிவிட்டார். இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "ஒரு கைல பாப்பாவ வெச்சுட்டு இதத் தொறக்க முடியுதான்னு பாரு," என்றார். முடிந்தது.

அவர் கண் சிவந்திருந்தது. சிமெண்ட் தூசி என்றார்.

அக்டோபர் 22, புதன்

செல்வராசு மாமா டாடா ஏஸில் வந்தார், கையில் புதுச் சங்கிலியோடு. நான் மேலேயே இருந்தேன். அத்தை இறங்கிப் போனார். ஜன்னலில் கேட்டது.

"தேங்காயெல்லாம் எறக்கி வெச்சுட்டுப் போ செல்வராசு. நாய் தர்றாப்புல இல்ல."

"அக்கா, நீதான வரச் சொன்னே? டீசல் போட்டுட்டு வந்திருக்கறேன்!"

"சொன்னேன். இப்ப இல்லீங்கறேன். டீக் குடிச்சுட்டுப் போ."

மேலே வந்தவர் மூச்சு வாங்க என் எதிரில் உட்கார்ந்தார். "உன்ற புருசன்கிட்டச் சொன்னே, அவனுக்கு அறிவில்ல. என்ற கிட்டச் சொல்லியிருக்கோணுமல்லோ?"

"வைவீங்கன்னு பயந்துட்டேங்கத்தே."

"வைவேன்தான். வைஞ்சுபோட்டு வந்து இருந்திருப்பேன்."

அவர் எழுந்து போய்த் தேங்காய்களை எண்ணாமலே பரண்மேல் தூக்கிப் போட ஆரம்பித்தார், ஒவ்வொன்றும் குண்டு மாதிரி விழுந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

மௌலி என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். மகப்பேறு பார்த்த டாக்டரம்மா இல்லை, மனநலம் பார்ப்பவர். அவரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஒதுங்கியே இருக்கிறாயா, எத்தனை நாளாக. இந்த முறை திருத்திச் சொல்லவில்லை.

இரவு ரயிலில் மௌலி நாசிக் போனார். அடுத்த மாதக் கடைசிவரை வேலை இருக்கிறது. கிளம்பும்போது, "போன்ல நான் சரியாக் கேக்கலன்னா மறுபடி சொல்லு. சத்தமாச் சொல்லு," என்றார். பார்க்கலாம். அவர் போன் நாலு நிமிடம்தான், அதில் எவ்வளவு சொல்ல முடியும் என்று தெரியவில்லை. வீடு மறுபடி பெரிதாகிவிட்டது.

அத்தை கார்த்திகை முடிகிறவரை இருக்கிறேன் என்று பையைப் பிரித்துவிட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

மோட்டார்: ஐந்தடி. 10/10. இதை எழுதியது நான், செய்தது அத்தை. டிக் சத்தத்துக்கும் துண்டுக்கும் நடுவில் அவர், "இந்தா, தின்னு தொல" என்று சேர்த்துச் சொல்கிறார். அதனால் மோட்டார் இப்போது "தொல" என்றால் வாலாட்டுகிறான்.

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்க அறையில் படுத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் படு என்று அத்தை சொன்னார். தூக்கம் வரவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று காது தேடிக்கொண்டே இருந்தது. பாப்பா எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டல் நின்றது. தவழும் சத்தம். கம்பிக் கதவை அவள் பிடித்துக் குலுக்குவது கேட்டது. அப்புறம் மோட்டாரின் உறுமல், நீளமாக.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கால் தரையைத் தொட்டது.

வளையல் சத்தம் கேட்டது. அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகிறார். "கேட்டுச்சுடா," என்றார் மோட்டாரிடம். "கேட்டுச்சு, கேட்டுச்சு. சும்மா படு."

நான் எழுந்து போகவில்லை.